கையும் தலையும்: ஒரு பல்கலைக்கழகம் பாலிடெக்னிக் ஆன கதை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாலிடெக்னிக் என்றதும் நம்மூரில் என்ன ஞாபகம் வரும்? மார்க் குறைந்த பையன், டிப்ளமோ, கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஞாபகம் வருவது வேறு. பத்தாம் வகுப்பில் நான் 412 மார்க். பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போனோம். வாத்தியார் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "இவனுக்கு எதுக்குய்யா ப்ளஸ் டூ? பாலிடெக்னிக்ல போடு, சீக்கிரம் சம்பாதிப்பான்." எனக்கு அடுத்து நின்ற பையன் என்னைவிட அறுபது மார்க் குறைவு. அவனிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா கல் உடைக்கிறவர். ஒன்றும் பேசாமல் கையை நீட்டி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்மேல் எனக்குக் கசப்புண்டு. அதனால்தான் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் தானே முன்வந்து பாலிடெக்னிக்காக மாறியது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வடகோடியில், ஆர்கேட்டா என்ற சின்ன ஊர். 1913இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அங்குள்ள நிறுவனம். காடு, கடல், மீன் பற்றிய படிப்புகளுக்குப் பேர் போனது. 2015 வாக்கில் எட்டாயிரத்து எழுநூறுக்கும் மேல் மாணவர்கள். பிறகு வருஷா வருஷம் குறைந்து 2020இல் ஆறாயிரத்துச் சொச்சம். மாணவர் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் வாத்தியார் வேலை போகும். இந்த நெருக்கடியில்தான் 2020 நவம்பரில் மாநிலப் பல்கலைக்கழகத் தலைமையகம் கேட்டது: நீங்கள் ஏன் பாலிடெக்னிக்காக மாறுவது பற்றி ஆராயக் கூடாது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாநிலத்தில் 'பாலிடெக்னிக்' இழிவான சொல் இல்லை. 1901இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய சான் லூயிஸ் ஒபிஸ்போ நிறுவனம் இன்று இடம் கிடைக்கப் போட்டி போடும் பல்கலைக்கழகம். பொமோனாவில் இன்னொன்று. ஹம்போல்ட் மூன்றாவது. அங்கே பாலிடெக்னிக் என்றால் பட்டம், முதுகலை, ஆராய்ச்சி எல்லாம் உண்டு. கூடவே செய்து கற்பது. நம்மூரில் அதே சொல் ஒரு படி கீழே நிற்கிறது. சொல் ஒன்றுதான், ஏணியில் இடம்தான் வேறே. அந்த இடத்தைத் தீர்மானிப்பது யார் என்பதுதான் என் பேச்சு.

ஆராய்ந்தார்கள், அறிக்கை தந்தார்கள். 2021 மாநில பட்ஜெட்டில் இதற்கென 458 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அதில் 433 மில்லியன் ஒரே தடவை தருவது, 25 மில்லியன் ஆண்டுதோறும். 2022 ஜனவரி 26இல் அறங்காவலர் குழு ஒப்புக்கொண்டது, பெயர் மாறியது. இயந்திரப் பொறியியல், மென்பொருள், தரவு அறிவியல், கடல் உயிரியல், காட்டுத் தீ மேலாண்மை என்று புதுப் படிப்புகள் வந்தன.

பணத்தை எண்ணுவது என் பிழைப்பு, அதனால் கேட்கிறேன். மாணவர் குறைந்து வாடியபோது இந்தப் பணம் எங்கே இருந்தது? வரலாறும் கவிதையும் சொல்லித்தரும் பல்கலைக்கழகமாக இருந்தவரை வராத பணம், 'தொழில்நுட்பம்' என்று பெயர் மாறியதும் வந்தது. கலைப் படிப்புகளை விடமாட்டோம் என்றுதான் நிர்வாகம் சொன்னது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதற்குப் புதுக் கட்டிடம் எழும்புகிறது என்று பார்த்தால் எது மூத்த பிள்ளை, எது சவலைப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

கைக்கல்வி என்பதற்கு அந்த நாட்டில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1868இல் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் பள்ளி, விடுதலையான கறுப்பின மக்களுக்காக. அங்கே படித்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் டஸ்கிகீயில் அதே வழியில் தொடங்கினார்: முதலில் தொழில் கற்போம், உரிமையைப் பிறகு பார்ப்போம். டு பாய்ஸ் 1903இல் அதை எதிர்த்து எழுதினார். உயர்கல்வியை விட்டுக்கொடுத்த மக்களுக்கு உரிமையும் மிஞ்சாது என்பது அவர் வாதம். அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். இரண்டு பேருக்கும் ஒருவர் வலி மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

பூர்வகுடிக் குழந்தைகளுக்கு 1879இல் கார்லைல் விடுதிப் பள்ளி. பாதி நாள் பாடம், பாதி நாள் வேலை. தாய்மொழி பேசினால் தண்டனை. ஹம்போல்ட் பகுதியில் ஹூப்பா பள்ளத்தாக்கிலும் அப்படி ஓர் அரசு விடுதிப் பள்ளி நடந்தது. பாதி நாள் பாடம், பாதி நாள் வேலை என்று கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்கிறீர்கள். ஆமாம், 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். 1954இல் காமராசர் வந்து அதை எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் எங்க தாத்தா காலத்திலேயே எங்க வீட்டுக் கதை முடிந்திருக்கும்.

அப்படியானால் கைவேலையே கூடாதா? இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன் தோழர்களே. அந்தத் தடுமாற்றத்தை உடைத்தது ஹம்போல்டின் தீப் படிப்பு.

பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் வியோட் மக்களுடையது. 1860 பிப்ரவரியில் ஹம்போல்ட் விரிகுடாவின் துலுவாட் தீவில், சடங்குக்காகக் கூடியிருந்த வியோட் மக்களை வெள்ளைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். 2019இல்தான் யுரேகா நகராட்சி அந்தத் தீவில் தன்னிடமிருந்த மீதி நிலத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்த வட்டாரத்து யூரோக், கரூக் மக்கள் காலங்காலமாகச் சின்னச் சின்னத் தீ வைத்துக் காட்டைப் பராமரித்தவர்கள். கூடை முடையும் செடி துளிர்க்கும், அடியில் சருகு சேராது, பெருந்தீ பிடிக்காது. 1850இல் கலிபோர்னியா போட்ட 'இந்தியர் பாதுகாப்பு'ச் சட்டம் புல்வெளிக்குத் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. இன்று காடு பற்றி எரிகிறபோது அதே அறிவு தேவைப்படுகிறது. அதற்குப் பட்டம் வருகிறது.

அந்தக் கிழவிகள் கையால் தீ வைத்தபோது அது குற்றம், காட்டுமிராண்டித்தனம். பல்கலைக்கழகம் தொட்டதும் அறிவியல். செத்த மாட்டின் தோலைப் பதனிட்டபோது நம் ஆட்கள் தீண்டத்தகாதவர்கள். தோல் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்துப் பட்டம் கொடுத்ததும் வகுப்பறையில் வேறு ஆட்கள். கைக்கு மூளை இல்லை என்பதைப் போலப் பெரிய பொய் எதுவுமில்லை. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டியது இதைத்தான். ஆகவே கையை மறுப்பது நம் வேலை இல்லை. அந்த அடுக்கை உடைப்பதுதான் நம் வேலை.

இன்னொரு சங்கதி. ஹம்போல்ட் பெயர் மாறிய அதே 2022 ஜனவரியில், அந்தக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, அப்போது அதன் 23 வளாகங்களுக்கும் சேர்த்து, பாகுபாட்டுத் தடை விதியில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. சும்மா வரவில்லை. தலித் மாணவர்கள் தங்கள் சாதியை வெளியே சொல்லிப் போராடினார்கள். 2021இல் மாணவர் சங்கம் தீர்மானம் போட்டது, ஆசிரியர் சங்கமும் துணை நின்றது. பிறகு 2023இல் மாநிலம் முழுமைக்குமான சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் ஒப்புதல் தர மறுத்தார். பல்கலைக்கழக விதி மட்டும் நின்றது.

இன்னும் ஒன்று. புது மாணவரை அழைத்த அந்தப் பல்கலைக்கழகத்தில் தங்க இடம் போதவில்லை. வாடகை கட்ட முடியாமல் வளாகத்தில் வண்டிக்குள் படுத்துப் படித்த மாணவர்களை 2023 நவம்பரில் காலி பண்ணச் சொன்னார்கள். நாற்பத்தைந்து கோடி டாலருக்கு மேல் கொட்டிய இடத்தில் ஒரு பிள்ளைக்குப் படுக்க இடமில்லை. நம்ம விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் வங்கியில் எழுத்தர். போன மாதம் எங்கள் கிளைக்கு ஒரு பெண் கல்விக்கடன் கேட்டு வந்தாள், எம்.ஏ. வரலாறு படிக்க. அம்மா நூறு நாள் வேலை அட்டையோடு பக்கத்தில். அதிகாரி கேட்டார், "ஹிஸ்டரி படிச்சு என்னம்மா பண்ணுவ? ஏதாச்சும் டெக்னிக்கலா எடுக்கக் கூடாதா?" முந்தின நாள் இஞ்சினியரிங் கடனுக்கு வந்தவரிடம் இந்தக் கேள்வி இல்லை. அவள் சொன்னாள்: "எங்க ஊர்ப் பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல சார். அத எழுதத்தான்."

திறன், தொழில், செய்து கற்றல் என்று நாளை உங்கள் கல்லூரிக்கும் யாராவது வரலாம். உடனே விரட்ட வேண்டாம். உட்கார வைத்துக் கேளுங்கள். யார் பிள்ளையை இதற்கு அனுப்பப் போகிறாய், உன் பிள்ளையும் வருமா? இதைப் படித்தவன் நாளைக்குத் தத்துவமோ வரலாறோ படிக்க நினைத்தால் கதவு திறந்திருக்குமா? அவன் பாட்டனிடமிருந்து எடுத்த அறிவுக்கு அவன் பாட்டன் பெயர் இருக்குமா? மூன்றுக்கும் நேர்மையான பதில் வந்தால் சேர்ந்து கட்டுவோம். வராவிட்டால் அது 1953தான், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை நான்தான் சரிபார்த்துக் கட்டில் முதலாக வைத்தேன். எழுத்தரால் அவ்வளவுதான் முடியும். இன்னும் கையெழுத்தாகவில்லை. நாளைக்குக் காலையில் மறுபடி எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைப்பேன்.