நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை

ஒருவர் இணையத்துக்கு அடிமையா என்று அறிய நாம் மணிக்கணக்குப் பார்க்கிறோம். அது தப்புக் கணக்கு. வடநாட்டில் லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாமக்கல் லாரி ஓட்டுநர் நாளெல்லாம் செல்போனும் கையுமாகத்தான் இருப்பார்; வாடகை பேசுவதும் அதில்தான், பிள்ளை முகம் பார்ப்பதும் அதில்தான். இரவு ஷிப்டு முடிந்து வந்த பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளி செல்போனில் ஒரு மணி நேரம்தான் பணம் கட்டி ரம்மி ஆடினார். வாரக்கூலி கரைந்துபோனது, மறுநாளும் ஆடினார். நோய் யாருக்கு? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் கணினி விளையாட்டு அடிமைநோயும் சூதாட்ட நோயும் இருக்கின்றன. இரண்டிலும் மணிக்கணக்கு கிடையாது. கட்டுப்பாடு நழுவுவது, மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமை: இவை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் நோய். விடுமுறையில் நாலு நாள் ஆடித் தீர்த்த பையனை மருத்துவரிடம் இழுத்துப்போக வேண்டாம்.

"மன உறுதி இல்லாதவன் கெடுகிறான், கம்பெனி என்ன செய்யும்?" என்பார்கள். பாதி நியாயம்; பெரும்பாலோர் அளவோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறதே, தள்ளத் தள்ள முடிவே வராமல் இருக்கிறதே, அது தற்செயலா? நிறுத்த வேண்டிய இடத்தையே எடுத்துவிட்டு, நிறுத்தாதவனைக் குறை சொல்வது என்ன நியாயம்? இணையச் சூதாட்ட விஷயத்தில் தமிழ்நாடு இதை நன்றாகவே புரிந்துகொண்டது. அதை ஆராய நீதிபதி சந்துரு குழு அமைந்தது 2022-இல். ஆளுநர் திருப்பியனுப்பிய தடை மசோதா மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமானது. 2025 பிப்ரவரி விதிப்படி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு வந்தது. தனிமனித சுதந்திரம் பறிபோகிறது என்று கம்பெனிகள் வழக்காடின. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை உறுதிசெய்தது. ஆகஸ்டில் ஒன்றியச் சட்டம் அந்த ஆட்டங்களையே தடைசெய்துவிட்டது. ஆனால் தன்னடக்கம் தளரும் நேரத்தில் பொறுப்பு கடைக்காரனுக்கே என்ற அந்தச் சிந்தனை ரம்மியோடு போய்விடக் கூடாது. ரீல்ஸுக்கும் அது பொருந்தும்.

தென்கொரியாவைக் காட்டி மறுப்பார்கள். பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவில் இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் அங்கே சட்டம் வந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள், ஆட்டமும் செல்போனுக்கு மாறிவிட்டது. 2022-இல் சட்டத்தையே கைவிட்டார்கள். ஆனால் அவர்கள் பூட்டியது பிள்ளையை. நம் ஊர் விடுதிப் பள்ளிகள் பலவும் செல்போனை வாசலிலேயே வாங்கிவைக்கின்றன. கல்லூரிக்குப் போன முதல் மாதமே அந்தக் கட்டுப்பாடு என்ன ஆகிறது என்று பெற்றோருக்குத் தெரியும். நான் கேட்பது வேறு: தானே ஓடும் வீடியோ, நாமாக இயக்கினால் மட்டுமே ஓட வேண்டும், இரவில் அறிவிப்பு மணி அடிக்கக் கூடாது. வயது வந்தவருக்கும் இதனால் எந்தச் சுதந்திரமும் போகாது. சட்டம் வரும்வரை பொறுக்க முடியாத வீடுகளுக்கு மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.