தோற்றவரின் பத்தாண்டு



வென்றவர் வரலாற்றை வெற்றியிலிருந்து தொடங்குவது வழக்கம். சீன நாட்டு இறகுப்பந்து வீராங்கனை ஜாங் நிங் அம்மையாரின் வரலாற்றை நான் ஒரு தோல்வியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இறகுப்பந்து என்றதும் நம் ஊர்த் திடல்களில் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்தை எண்ணிவிட வேண்டா. நான் கல்லூரியில் ஆடியது அதுதான். இதுவோ தக்கையில் இறகுகளைச் செருகிச் செய்த பந்து. சிறு காற்றும் அதன் போக்கை மாற்றிவிடும். ஆதலின் பெரும் போட்டிகளை மண்டபத்திற்குள்ளேயே நடத்துவர்.

1994 மே மாதம். ஜகார்த்தா நகரில் ஊபர் கோப்பைக்கான இறுதிப் போட்டி. பெண்கள் அணிகளுக்கு உரிய இக்கோப்பையை 1984 முதல் தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்தது சீனா. எதிரே நின்றது இந்தோனேசியா. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டத்திற்கு இறங்கிய ஜாங் நிங்கிற்கு வயது பத்தொன்பது. அவரை எதிர்த்த மியா ஔதினாவிற்கு வயது பதினான்கே! அந்தச் சிறுமி வென்றாள், மண்டபமே ஆர்ப்பரித்தது. கோப்பை கைமாறியது. ஓர் அணியின் தோல்வி முழுதும் ஒருவர் தோளில் ஏறுவது எத்தகையது என்பதை ஆடியவர்களே அறிவர்.

அதன்பின் நெடுங்காலம் அவர் பிறருடைய நிழலிலேயே இருந்தார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர் ஆட்டத்திற்குச் சீனா மூவரை அனுப்பியது. அம்மூவருள் அவர் இல்லை. காங் ஜிசாவோ தங்கம் வென்றார். ஜாங் நிங்கிற்கு அப்போது வயது இருபத்தைந்து. விலகியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் விலகவில்லை. 2003-இல் பர்மிங்காமில், தம் நாட்டவரான காங் ருய்னாவை வென்று, இருபத்தெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார்.

மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். இறுதி ஆட்டத்தில் வலைக்கு அப்பால் நின்றவர் யார் தெரியுமா? அதே மியா ஔதினா! மணம் முடித்து நெதர்லாந்தில் குடியேறி, அந்நாட்டிற்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்நாளில் பதினொரு புள்ளிகள் எடுத்தவர்க்கு ஓர் ஆட்டம். பந்தைத் தொடங்கி வைப்பவர்க்கு மட்டுமே புள்ளி கிட்டும். முதல் ஆட்டத்தை 8–11 என இழந்தார் ஜாங் நிங். ஜகார்த்தா அவர் நினைவில் எழுந்திருக்குமோ என நான் பலமுறை எண்ணியதுண்டு. அடுத்த இரண்டையும் 11–6, 11–7 என வென்றார்.

இவ்வெற்றியில் ஒரு கறையும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது முறையன்று. அரையிறுதியில் அவரோடு ஆடிய சீன வீராங்கனை ஜோ மீயை முழு முயற்சியோடு ஆட வேண்டா எனத் தாமே பணித்ததாகத் தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போ 2008-இல் ஒப்புக்கொண்டார். இறுதிக்கு வருபவர் களைப்பின்றி வரவேண்டும் என்பது அவர் கணக்கு. குற்றம் அக்கணக்கினுடையது என்பதே என் கருத்து. ஆயினும் ஜோ மீ இழந்த வாய்ப்பை யார் திருப்பித் தருவார்?

2005, 2006 ஆகிய ஈராண்டும் உலகப் போட்டியின் இறுதியில் ஷி சிங்ஃபாங் என்னும் இளையவரிடம் ஜாங் நிங் தோற்றார். புள்ளிக் கணக்கும் 2006-இல் மாறி, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, இருபத்தொன்று எடுத்தால் ஆட்டம் என்றாயிற்று. பழைய முறையில் வளர்ந்தவர் முப்பது வயதிற்கு மேல் புதிய முறையைப் பயின்றார்!

2008, பெய்ஜிங். சொந்த மண்ணில் மீண்டும் அதே ஷி சிங்ஃபாங். 21–12, 10–21 என ஆளுக்கொன்று. மூன்றாவதில் 21–18. வென்றவர் முப்பத்து மூன்று வயதான ஜாங் நிங். ஒலிம்பிக் ஒற்றையர் இறகுப்பந்தில் இருமுறை தங்கம் வென்ற முதல் ஆட்டக்காரர் அவரே.

அத்துடன் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளரானார். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கின் இறுதியில் மோதிய லி சுவேருய், வாங் யிஹான் இருவருமே சீனப் பெண்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர்களுள் ஜாங் நிங்கும் ஒருவர்.