குனிந்து பார்த்த கேமரா



கொஞ்சம் எரிச்சலோடுதான் இன்று மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அண்மையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். தலைப்பு அறப்போராட்டம். உள்ளே போனால் சுவர் முழுக்கத் திறந்த வாய்கள். உயர்ந்த முஷ்டி, புடைத்த கழுத்து நரம்பு, நடுநடுவே ட்ரோனில் எடுத்த ஜனத்திரள். எல்லாம் கறுப்பு வெள்ளை, அதுவும் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கியது. ஒரு படத்திலாவது யாராவது சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை.

போராட்டப் பந்தலில் ஒரு பகல் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே முக்கால்வாசி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தண்ணீர்க் குடம் வரும். பிள்ளை அழும். தாசில்தார் ஜீப் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பார்கள். கோஷம் எப்போதோ ஒருமுறை, ஐந்து நிமிடம். படமெடுக்கிற நம் பிள்ளைகள் அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பைக்கில் வந்து, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதி நாள் முழுக்க அந்த ஜனங்கள் காட்டிய பொறுமை படத்தில் விழுவதே இல்லை. அறப்போராட்டத்துக்குப் பலமே அந்தப் பொறுமைதானே?

காந்தியைப் படமெடுத்தவர் யார் என்று கேட்டால், எல்லோரும் மார்கரெட் போர்க்-ஒயிட் என்பார்கள். 1946-இல் எடுத்த அந்த ராட்டைப் படம். படமெடுக்கும் முன்னால் நூற்கக் கற்றுக்கொள் என்று காந்தியுடன் இருந்தவர்கள் சொன்னார்கள், அந்த அம்மாவும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஃப்ளாஷுக்கு மூன்றே மூன்று பல்பு அனுமதி. இரண்டு வீணாய்ப் போய், மூன்றாவதில் படம் விழுந்தது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் ஆள் அவர் இல்லை. என் ஆள் கனு காந்தி.

கனு, நாரணதாஸ் காந்தியின் மகன். காந்திக்குப் பேரன் முறை. காந்தியின் சேவாகிராம ஆசிரமத்தில் கடிதப் போக்குவரத்து, கணக்கு என்று அலுவலக வேலை பார்த்தவர். படமெடுக்க ஆசை வந்தபோது, கேமரா வாங்க ஆசிரமத்தில் பணம் இல்லை என்று காந்தி சொல்லிவிட்டார். பிறகு தொழிலதிபர் பிர்லா நூறு ரூபாய் கொடுத்தார். அதில் ஒரு ரோலிஃப்ளெக்ஸும் ஒரு ஃபிலிம் சுருளும் வந்தன. 1938-லிருந்து பத்து வருஷம் காந்தியை அவ்வளவு நெருக்கத்தில் எடுத்தவர் வேறு யாரும் இல்லை. காந்தி போட்ட நிபந்தனை மூன்று. ஃப்ளாஷ் கிடையாது. போஸ் கிடையாது. ஆசிரமத்துக் காசு கிடையாது. இன்னொரு தரம் சொல்கிறேன், இளைஞர்கள் காதில் விழட்டும்: ஃப்ளாஷ் கிடையாது, போஸ் கிடையாது, காசு கிடையாது.

இந்த மூன்றும் சேர்ந்துதான் கனுவின் கையை உருவாக்கின என்று நான் நினைக்கிறேன். கேமராவுக்கும் அதில் பங்கு உண்டு. ரோலிஃப்ளெக்ஸைக் கண்ணில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடித் தட்டில் பார்க்க வேண்டும். செங்கல்பட்டில் என் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய யாஷிகாவும் இதே ரகம், இரட்டை லென்ஸ். அதில்தான் நான் தொழில் பழகினேன். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். ஆள் இடப்பக்கம் நடந்தால் நாம் கேமராவை வலப்பக்கம் திருப்பித் தொலைப்போம். ஒரு சுருளில் பன்னிரண்டே படம். ஓடுகிறவனைத் துரத்தி எடுக்க லாயக்கில்லாத கேமரா. உட்கார்ந்திருப்பவரை எடுக்க அதைப் போல ஒன்று கிடையாது.

காரணம் சொல்கிறேன். எதிரே ஒருவர் கண்ணை மறைத்துக் கறுப்புப் பெட்டியை நீட்டினால், நாம் சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொள்வோம். தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கொஞ்ச நேரத்தில் மறந்துபோவோம். அடுத்தது உயரம். காந்தி தரையில் உட்கார்கிறவர். நின்றபடி கண்மட்டத்தில் எடுத்தால் வழுக்கைத் தலைதான் பெரிதாக விழும். நாமும் தரையில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்தால், லென்ஸ் அவர் முகத்தைச் சற்றுக் கீழிருந்து பார்க்கும். குனிந்து பார்க்கிற கேமரா எதிரே இருப்பவரை நிமிர்த்திக் காட்டுகிறது. இதை என் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இருந்தாலும் இங்கேயும் சொல்கிறேன்: கேமராவைத் தாழ்த்துங்கள்.

கனு எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்தது, ரயிலிலிருந்து காந்தி கை நீட்டி ஹரிஜன நிதி வாங்குகிற படம். வங்காளம், அசாம், தென்னாடு என்று 1945 கடைசியில் தொடங்கி 46 தொடக்கம் வரை போன பயணம். சென்னையிலிருந்து மதுரைக்கும் பழனிக்கும் அவர் போனது நம் செங்கல்பட்டு வழியான மீட்டர்கேஜ் பாதையில்தான். கோடிக்கணக்கான மக்களின் தலைவர் என்கிறவர் அந்தப் படத்தில் காலணாவுக்குக் கை நீட்டுகிறார். முஷ்டி இல்லை, விரித்த உள்ளங்கை. இதைவிடப் பெரிய போராட்டப் படம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, சேவாகிராமத்தில் தொழுநோயாளி பர்ச்சுரே சாஸ்திரிக்குக் காந்தி பணிவிடை செய்யும் படம். சாஸ்திரி சம்ஸ்கிருத பண்டிதர், எரவாடா சிறையில் இருந்தவர். நம் செங்கல்பட்டுப் பக்கத்துத் திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோய் மருத்துவமனை, 1955-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமானது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தின் கனம் நான் சொல்லாமலே தெரியும். அந்தக் காலத்தில் ஒதுக்கி வைத்த உடம்பை ஒருவர் தொடுகிறார். அதற்கு ஃப்ளாஷ் அடித்திருந்தால் அது விளம்பரமாகப் போயிருக்கும்.

கனு எடுக்காமல் விட்ட படமும் உண்டு. 1944-இல் ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபாவின் கடைசி நேரம். கனு பக்கத்திலேயே இருந்தார். எடுக்க வேண்டாம் என்றார் காந்தி. அவரும் எடுக்கவில்லை. இன்று அப்படி ஒரு வார்த்தைக்குக் கேமராவை மூடுகிறவர் எத்தனை பேர்?

என் அனுபவம் ஒன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கடல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டுப் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். நான் போய் நின்றதும் ஒரு பாட்டி சொன்னாள்: “ஏம்பா, படம் அப்பால புடிக்கலாம், இந்தக் கயித்தக் கொஞ்சம் புடி.” காற்றில் பந்தல் பறக்கப் பார்க்கிறது. கேமராவைத் தோளில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சுப் போட்டு முடித்தபோது அவர்கள் என்னை மறந்திருந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே வலை கிழிசலை முடிந்துகொண்டிருந்தாள், கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி. அதை எடுத்தேன். கனு ஆசிரமத்துக் கணக்கு எழுதியவர் என்பதை முக்கியமாகச் சொல்வது இதனால்தான். அவர் அங்கே வேலைக்காரர், படம் அப்புறம்.

உப்புச் சத்தியாக்கிரகப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தி குனிந்து உப்பெடுக்கும் பிரபலமான படம் தண்டியில் ஏப்ரல் 6-ஆம் தேதி எடுத்தது என்றே பலரும் அச்சிடுகிறார்கள். அது 9-ஆம் தேதி பீம்ராட்டில் எடுத்தது என்று காந்தி படங்களைத் தொகுத்தவர்கள் குறித்திருக்கிறார்கள். நம் பக்கம் ராஜாஜி 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்டு 30-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். அந்த நடைக்கு நான் பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேளம்பாக்கம் உப்பளத்தில் வெயிலில் ஒருநாள் படமெடுத்துப் பாருங்கள், கஷ்டம் புரியும். உப்பின் வெள்ளை ஒளி அளக்கும் மீட்டரை ஏமாற்றும். மீட்டர் சொன்னபடி எடுத்தால் உப்பு சாம்பலாகவும் முகம் கரியாகவும் விழும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் திறந்து வையுங்கள். உப்பு வெளுத்துப்போனாலும் பரவாயில்லை, வாருகிறவர் முகம் வேண்டும்.

ஏ.கே. செட்டியாரை விட்டுவிட்டாயே என்று கடிதம் போடுவீர்கள், தெரியும். 1937 காந்தி ஜெயந்தியன்று நடுக்கடலில் கப்பலில் யோசனை உதித்து, உலகமெல்லாம் அலைந்து பழைய ஃபிலிம்களைத் தேடி, 1940-இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்ட கோட்டையூர்க்காரர். அவரை ஐந்து நிமிடத்தில் அடக்க எனக்கு மனசில்லை. அவருக்கென்று தனியாக அரைமணி நேரம் நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். கொடுத்தால் வருகிறேன்.