எடை எல்லோருக்கும் ஒன்றுதான்



1975-ஆம் ஆண்டு. அமெரிக்கக் கடற்படையில் ஒரு பயிற்சி வகுப்பு. கடலுக்கு அடியில் மூழ்கி வேலை செய்யக் கற்றுத் தரும் வகுப்பு அது. வகுப்பில் ஒரே ஒரு பெண். பெயர் டோனா டோபியாஸ். மற்ற எல்லோரும் ஆண்கள்.

மூழ்குபவருக்கு அப்போது தனி உடை இருந்தது. தலைக்குச் செம்புக் கவசம். காலுக்கு ஈயம் வைத்த பூட்ஸ். மொத்த எடை சுமார் 90 கிலோ. ஒரு நெல் மூட்டையை விட அதிகம்!

ஏன் இவ்வளவு கனம்? உடைக்குள் காற்று இருக்கிறது. கனம் இல்லாவிட்டால் ஆள் மிதந்து விடுவார். தண்ணீருக்குள் கனம் அவ்வளவாகத் தெரியாது. ஏணியில் ஏறும்போதுதான் தெரியும்.

பெண் என்று டோனாவுக்கு எடையைக் குறைக்கவில்லை. அதே உடை. அதே ஏணி. அவர் தேறினார். அந்தக் கடற்படையில் ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்யத் தகுதி பெற்ற முதல் பெண் அவரே.

பிறகு அவரே ஆசிரியர் ஆனார். நீர்மூழ்கிக் கப்பலில் விபத்து நேர்ந்தால் தப்புவது எப்படி? வீரர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் நுரையீரல் கிழியும்.

"பெண்ணால் முடியுமா?" என்று கேட்கிறோம். முதலில் வகுப்பில் சேர்ப்போம். பதில் அங்கே கிடைக்கும்.