குடவோலையும் நமது பிள்ளைகளும்

(காவாந்தண்டலத்தில் கூடிய சங்கக் குடும்பத்து மாணாக்கர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜனநாயகத்தின் மூலதத்துவங்களை நம் பிள்ளைகளுக்கு எங்ஙனம் புகட்டுவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். அமெரிக்கர் 1776-ல் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தை அவர்கள் புத்தகத்தில் படிக்கிறார்கள், அது நன்றே. ஆயினும் நமக்கு அணித்தேயுள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரை அவர்களுள் எத்துணைப் பேர் நின்று நோக்கியிருப்பர்?

முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் சாசனங்கள் ஆண்டு உள்ளன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவியோ 360 நாள் மட்டுமே. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் அறவே விலக்கப்பட்டனர்.

இப்பெருமையைச் சொல்லி நிறுத்திவிடின் நாம் பாதி உண்மையையே சொன்னவராவோம். அது பிராமணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்துச் சபை. இறை செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டன. அக்குடத்தில் நம் முன்னோரின் ஓலை ஒருநாளும் விழுந்ததில்லை. பெண்மக்களின் ஓலையும் விழுந்ததில்லை. எல்லாரும் சமம் என்று முழங்கிய அமெரிக்காவிலும் 1865 வரை அடிமை முறை இருந்தது. நாடு முழுவதும் பெண்களின் வாக்குரிமைக்கு அரசியற்சட்டக் காப்புக் கிடைத்தது 1920-லேதான். நிலமும் குலமும் கல்வியும் கேளாமல், வயது வந்தார் அனைவர்க்கும் வாக்களித்தது 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நமது அரசியலமைப்பே.

ஆகவே சாசனத்தின் குறையைத் தள்ளி நிறையைக் கொள்வோமாக. அதற்கு முன் நம்மையே நாம் வினவிக்கொள்வோம். நமது சங்கத்தில் ஒருவரே ஆண்டுக்கணக்காகப் பதவியில் அமர்ந்திருப்பது இல்லையா? வரவு செலவுக் கணக்குச் சபையில் முழுதும் வாசிக்கப்படுகிறதா? தாய்மார்கள் விருந்துக்கு அழைக்கப்படுவதுபோல் ஆலோசனைக்கும் அழைக்கப்படுகிறார்களா? நாம் செய்யாததைப் பிள்ளைகளுக்குப் போதிப்பது வீண்.

எனவே நாம் வேண்டுவது இரண்டு: ஆண்டுக்கொருமுறை மாணாக்கரை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று சாசனத்தின் நிறைகுறை இரண்டையும் விளக்குதல், திரும்பிவந்து அவர்கள் முன்னிலையிலேயே சங்கக் கணக்கை வாசித்தல். கேள்வி கேட்கும் சிறுவனைப் பெரியோர் அதட்டாதிருப்பாராக. அன்று குடத்தில் கையிட்டவனும் ஒரு சிறுவனே அன்றோ!