நம் பக்கத்தில் யாருக்கு இடம்?

(ஆஸ்பத்திரியின் பங்காளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட தேவசெய்தி)



 உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் இந்த ஊழியத்தை இம்மட்டும் தாங்கி வந்திருக்கின்றன. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். உங்களுக்கும் நன்றி சொல்லுகிறோம்.

இன்று உங்களோடுகூட ஒரு கேள்வியைத் தியானிக்க விரும்புகிறோம். தேவனுடைய ராஜ்யத்தில் சீஷனாயிருப்பது என்றால் என்ன?

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் இயேசுவிடம் வருகிறாள். செபெதேயுவின் மனைவி அவள். தன் இரண்டு குமாரரில் ஒருவனுக்கு அவருடைய வலதுபுறத்திலும், மற்றவனுக்கு இடதுபுறத்திலும் இடம் கேட்கிறாள். அவளை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நல்ல இடம் வேண்டுமென்று நாமும்தான் முழங்காலில் நிற்கிறோம். ஆனால் ஆண்டவர் அந்தக் கேள்வியையே மாற்றிவிடுகிறார். உலகத்து அதிகாரிகள் மற்றவர்களை ஆளுகிறார்கள். உங்களுக்குள்ளே பெரியவன் ஊழியக்காரனாயிருக்கட்டும் என்கிறார். "எனக்கு எந்த இடம்?" என்பது உலகத்தின் கேள்வி. "என் பக்கத்தில் யாருக்கு இடம் கொடுப்பேன்?" என்பது ராஜ்யத்தின் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தொழுநோய் ஊழியத்தைப்போல் நேருக்கு நேராய் நம்மிடம் கேட்கிற ஊழியம் வேறொன்றும் இல்லை. ஆகவே அதன் வழியாய் மூன்று காரியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ராஜ்யம் தொட்டுத் தொடங்குகிறது.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் தொழுநோயுள்ள ஒரு மனிதன் இயேசுவிடம் வந்து முழங்கால்படியிடுகிறான். வேதத்தில் அந்தப் பெயரால் சொல்லப்பட்டது ஒரே நோய் அல்ல, பலவகைத் தோல் நோய்களுக்கும் அது பொதுப்பெயர் என்று வேத அறிஞர்கள் சொல்லுகிறார்கள். எந்த நோயானாலும், அவனுக்கு லேவியராகமத்தின் சட்டம் ஒன்றுதான். கிழிந்த வஸ்திரத்தோடு பாளயத்துக்குப் புறம்பே தனியாய்க் குடியிருக்க வேண்டும். தான் தீட்டுள்ளவன் என்று தானே சத்தமிட வேண்டும்.

இயேசு என்ன செய்தார் என்பதை மட்டுமல்ல, எந்த வரிசையில் செய்தார் என்பதையும் கவனியுங்கள். சுகமான பிறகு அவனைத் தொடவில்லை. முதலில் கையை நீட்டித் தொட்டார். பிறகுதான் அவன் சுகமானான். ஒரு வார்த்தையினாலே சுகமாக்க அவரால் முடியும். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே சுகமாக்கினாரே! இவனுக்கோ சுகத்திற்கு முன்னே ஒரு மனிதக் கை தேவைப்பட்டது.

நம் நாட்டிலே இதை அனுபவமாய் அறிந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் ஊழியஞ்செய்த மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராய் வந்தார். ஒருசமயம் ஒரு தொழுநோயாளியின் தோளில் கையை வைத்துக்கொண்டு சிகிச்சையைப்பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். தவறாய் ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் கேட்டபோது, பல ஆண்டுகளாய் ஒருவரும் அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று உடனிருந்தவர் சொன்னாராம்.

பங்காளர்களே, அங்கே மருந்து கொடுக்கப்படவில்லை, கத்தி எடுக்கப்படவில்லை. வெறும் கைதான். ஆனாலும் ராஜ்யம் அந்த இடத்தில் வந்துவிட்டது.

இரண்டாவதாக, ராஜ்யம் சுகத்தோடு நின்றுவிடாமல் இடத்தையும் திரும்பக் கொடுக்கிறது.

சுகமான மனிதனை இயேசு ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். ஆசாரியனுடைய சாட்சி இருந்தால்தான் அவன் தன் வீட்டுக்கும், தெருவுக்கும், ஆலயத்துக்கும் திரும்ப முடியும். நோய் நீங்கியும் பாளயத்துக்குப் புறம்பேயே இருந்தால் அவனுக்கு என்ன லாபம்?

டாக்டர் பிராண்ட் 1947இல் செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்துப் பார்த்தபோது அதில் இருந்த பலத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார். சில தசைகள் செயலிழந்திருந்தாலும் மற்றவை நல்ல உறுதியோடு இருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் நிமிருமே என்ற எண்ணம் பிறந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. விரல்களை நோய் தின்பதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறபடியினால், சூடான பாத்திரமும், கருவிகளின் உராய்வும், காலில் ஏறிய முள்ளும் காயத்தைப் புண்ணாக்குகின்றன. உறங்குகிறவருடைய விரலை இரவில் எலி கடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை.

அறுவையினாலே கைகள் நிமிர்ந்தன. ஆனால் எதிர்பாராத ஒரு கஷ்டமும் வந்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை! முன்பு மடங்கிய விரலைக் கண்டு காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. அப்போதுதான் கை மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று உணர்ந்து, வேலூரில் புதுவாழ்வு மையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். அங்கே தச்சுவேலை முதலானவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். கை நிமிர்ந்தது சிகிச்சை. அந்தக் கையினால் உழைத்துச் சம்பாதித்த சாப்பாட்டை ஒருவர் உண்பது ராஜ்யம்.

மூன்றாவதாக, ராஜ்யத்தில் இடம் கொடுக்கிறவன் தன் இடத்தை இழக்க ஆயத்தமாயிருக்கிறான்.

அந்த மாற்கு அதிகாரத்தின் கடைசி வசனத்தை நாம் அவசரமாய்க் கடந்துபோகிறோம். சுகமானவன் எங்கும் செய்தியைப் பரப்பினபடியினால், இயேசு வெளியரங்கமாய் ஊருக்குள் போகக் கூடாமல் வனாந்தரமான இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவன் உள்ளே வந்தான். உள்ளே இருந்தவர் வெளியே போனார். சிலுவையின் நிழல் அங்கேயே விழுந்துவிட்டது.

இந்த விலையை அறிந்த ஒரு சகோதரியை நினைக்கிறோம். டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் பயின்ற இளம் மருத்துவர். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. இனி என்ன மருத்துவம் என்று சோர்ந்திருந்த வேளையில், உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று டாக்டர் பிராண்ட் ஊக்கப்படுத்தினார். அப்படியே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை வகித்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. காலில் உணர்வில்லாத ஒருவர், கையில் உணர்வில்லாதவருக்கு விரல் கொடுத்தார். நடக்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது, அது செபெதேயுவின் மனைவி கேட்ட நாற்காலியைவிட மேன்மையானதாயிற்று.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் இன்றும் புண் உள்ள பாதங்களைத் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைப் போட்டுவிடுகிறோம். ஒரு பேசின், ஒரு துண்டு. யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவருடைய கையில் இருந்தவையும் அவையே.

பிரியமானவர்களே, இப்போது இந்த வார்த்தை நம்மிடத்தில் வருகிறது.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. கிருமி குறைவாயிருந்தால் 6 மாதம், அதிகமாயிருந்தால் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் நோய் பூரணமாய்க் குணமாகும். மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் நீங்கிவிட்டதாக 2005இல் நம் அரசு அறிவித்தது. என்றாலும் 2022-23ஆம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஊழியம் முடியவில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. நோயாளிகளைப் பிரித்து வைக்க இடங்கொடுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019இல் எடுக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் அந்த விதி இருந்தது என்பதை வெட்கத்தோடு நினைக்க வேண்டும்.

மருந்து வந்துவிட்டது. சட்டம் மாறிவிட்டது. நம் பந்தி மாறிற்றா?

குணமாகியும் விரல் மடங்கியிருக்கிற ஒரு சகோதரர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால், எந்த பெஞ்சில் உட்காருவார்? நற்கருணையில் அவருக்கு அடுத்து பாத்திரத்தை வாங்கத் தயங்குவோமா? நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவருக்கு இலை போடுவோமா, சாப்பாட்டைப் பொட்டலமாய்க் கட்டிக் கொடுத்தனுப்புவோமா? அவர் மகளுக்கு வரன் பார்க்கிறவர்கள் நம்மிடம் விசாரித்தால் என்ன சொல்லுவோம்? வாடகைக்கு வீடு கேட்டால்?

உங்கள் காணிக்கை எங்களுக்குத் தேவை. அது இல்லாமல் செருப்பும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. ஆனாலும் உண்மையாய்ச் சொல்ல வேண்டும். காணிக்கை நம்முடைய கையை நீட்டுகிறதாயும் இருக்கலாம். கையை நீட்டாமலிருக்க நாம் செலுத்துகிற விலையாயும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் உள்ள நாங்களும் இந்தச் சோதனைக்கு விலகினவர்கள் அல்ல. கையுறை போட்டுக்கொண்டு கட்டுப்போட்டு, அந்த மனிதருடைய பெயரைக்கூடக் கேளாமல் அனுப்பிவிட எங்களாலும் முடியும். ஆகவே உங்களுக்குச் சொல்லுகிறதை எங்களுக்கும் சொல்லிக்கொள்ளுகிறோம்.

பெத்தானியாவிலே தொழுநோயாளி என்று பேர்பெற்ற சீமோனுடைய வீட்டில் நம் ஆண்டவர் பந்தியிருந்தார். பாடுபடுவதற்குச் சில நாட்களே இருந்தபோது, அவர் உட்காரத் தெரிந்துகொண்ட இடம் அது. ஊரார் இன்னும் நோயின் பெயராலேயே அழைத்த ஒருவரோடு, ஒரே பந்தியில், அவர் வீட்டு அப்பத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய வலதுபுறத்தில் இடம் வேண்டுமென்று ஜெபிக்கிற நாம், அவர் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்ப்போமாக.

இந்த மாதம் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். உங்கள் ஊரிலோ சபையிலோ இப்படிப்பட்ட ஒரு குடும்பம் இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். ஒரு கையைப் பிடித்து ஜெபியுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அப்பொழுது உங்கள் காணிக்கையோடு உங்கள் கையும் இந்த ஊழியத்தில் சேர்ந்திருக்கும்.

கர்த்தர் தாமே நம்மை அப்படிப்பட்ட சீஷராக்குவாராக. ஆமென்.