தைரொயிட் இரத்தத் துண்டை வாசிப்போம். முடிவை நாமே தெரிந்து எடுப்போம்

(தோட்டக் கிளையின் மாதர் அணிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பேசாமல் டீச்சர் ஏன் தைரொயிட்டைப் பேச வந்திருக்கிறார் என்று சிலர் நினைக்கலாம். சம்பளத்துக்காகத்தான் பேசுகிறேன். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். தொடர்ந்து குறைந்தால் சோம்பேறி என்ற பட்டம். அந்தப் பட்டம் வாங்கியவர்களில் சிலருக்கு இருப்பது சோம்பல் இல்லை, வருத்தம். எப்போதும் களைப்பு, தூக்கம், மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்வது, முகம் ஊதுவது, முடி கொட்டுவது, மலச்சிக்கல், மாதவிலக்கு அதிகமாகப் போவது. இவை தைரொயிட் குறைவின் அடையாளங்கள். இதே களைப்பு இரத்தச்சோகையாலும் வரும். இரண்டும் சேர்ந்தும் வரும். ஆகவே ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரத்தம் பார்த்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஏனென்றால் அது இங்கிலீசில் இருக்கிறது. நான் வைத்தியர் இல்லை. துண்டில் என்ன இருக்கிறது, வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன்.

கங்காணியின் சத்தம்

கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பது தைரொயிட் சுரப்பி. அது தைரொக்சின் என்ற சுரப்பைத் தருகிறது. உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். துண்டில் இதை டீ4, அல்லது ஃப்ரீ டீ4 என்று போட்டிருப்பார்கள்.

இந்தச் சுரப்பியை வேலை வாங்க மூளைக்குக் கீழே ஒரு கங்காணி இருக்கிறார். அவர் பெயர் கபச்சுரப்பி. அவர் போடும் சத்தம்தான் டீ.எஸ்.எச். கொழுந்து குறைந்தால் கங்காணி என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். கூடையில் கொழுந்து நிறைந்து வழிந்தால் வாயைத் திறக்க மாட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டால் துண்டு விளங்கிவிடும். டீ.எஸ்.எச். கூடினால் தைரொயிட் குறைவு, டீ.எஸ்.எச். குறைந்தால் தைரொயிட் அதிகம். பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரியவர்களுக்கு டீ.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருப்பது வழமை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். டீ4 எண்ணோ அளவு முறையைப் பொறுத்து முழுதாகவே மாறும். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் துண்டிலேயே பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

நான்கு விதமான துண்டு

முதலாவது: டீ.எஸ்.எச். கூடுதல், டீ4 குறைவு. கங்காணி கத்துகிறார், கூடையும் காலி. இது தெளிவான தைரொயிட் குறைவு. இதற்கு மாத்திரை தேவை. யோசித்து நாளைக் கடத்தும் விடயம் இல்லை.

இரண்டாவது: டீ.எஸ்.எச். கொஞ்சம் கூடுதல், உதாரணமாக 6 அல்லது 7. டீ4 சரியாக இருக்கிறது. இங்கேதான் குழப்பம். ஒருவர் உடனே மாத்திரை போடு என்பார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பார். பொதுவாக இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பதுதான் முறை. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். காய்ச்சலோ வேறு கடும் வருத்தமோ இருந்த நேரம் எடுத்த இரத்தம் என்றால் எண் மாறியிருக்கவும் கூடும். மறுபடி பார்த்தும் 10க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவார்கள். 10க்குக் கீழே என்றால் வயது, அடையாளங்கள், பிள்ளை பெறும் எண்ணம், டீ.பீ.ஓ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். வயதானவர்களுக்கு டீ.எஸ்.எச். கொஞ்சம் கூடி இருப்பது வழமைதான். அவசரப்பட்டு மாத்திரை கேட்க வேண்டாம்.

மூன்றாவது: டீ.எஸ்.எச். மிகக் குறைவு, டீ4 கூடுதல். இது தைரொயிட் அதிகம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், சாப்பிட்டும் உடம்பு மெலியும். இதற்கு மருந்து வேறு. பெரும்பாலும் கார்பிமசோல் கொடுப்பார்கள். ஒன்று, ஒன்றரை வருடம் போட வேண்டி வரலாம். மருந்தை நிறுத்தியபின் திரும்பி வந்தால் கதிரியக்க அயடீன், சத்திரசிகிச்சை என்ற வழிகளும் உண்டு. கார்பிமசோல் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டி வரும்.

நான்காவது: இரண்டு எண்ணும் சரி, ஆனால் கழுத்தில் கட்டி. துண்டு நன்றாக இருக்கிறது என்று கட்டியை விட்டுவிடாதீர்கள். அதற்கு ஸ்கேன் பார்க்க வேண்டும். கட்டி வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ சீக்கிரம் போங்கள்.

பிளேன்டீக்கு முன் மாத்திரை

தைரொக்சின் மாத்திரை போட்டும் எண் இறங்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதோடு போடுகிறீர்கள் என்றுதான். விடிய எழும்பி, பிளேன்டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவது நம் வழக்கம். தேத்தண்ணீரோடு போட்டால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. எழும்பியவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள், பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுங்கள். தேத்தண்ணீர் குடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் போகட்டும். காலையில் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் இதைத் தடுக்கும். நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் தைரொக்சின், இரவில் இரும்புச்சத்து என்று பழகினால் சுலபம். மாத்திரையை அடுப்புக்கு மேலே தட்டில் வைக்காதீர்கள், லயத்துச் சுவரின் ஈரமும் படக்கூடாது.

மாத்திரையின் அளவு சரியா என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி இரத்தம் பார்த்துத்தான் தெரியும். ஒரு கிழமையில் குணம் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். அதேபோல, சுகமாகிவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம். இந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் குறையும். நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்துத்தான் பழைய களைப்பு திரும்பும். அடுத்த வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கவும் கூடாது. அளவு கூடினால் இதயத்தையும் எலும்பையும் கெடுக்கும்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது

நம் மலையில் ஒரு தங்கச்சி, கரு தங்கியவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டார். பிள்ளைக்குக் கூடாது என்று லயத்தில் யாரோ சொன்னார்களாம். குடும்பநல மாது கண்டுபிடித்து மறுபடி தொடங்க வைத்தார். தங்கச்சிமாரே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சின்தான் போகிறது. அப்போது நிறுத்தக் கூடாது, அளவைக் கூட்டவே வேண்டி வரும். மாதவிலக்கு தள்ளிப்போனது தெரிந்தவுடனேயே போய் டீ.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் மறுபடி பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கிளினிக்கில் நேரம் குறைவு, வரிசை நீளம். அதனால் நான்கு கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்குக் குறைவா, அதிகமா? மாத்திரை இப்போதே தேவையா, மறுபடி பார்த்த பிறகு முடிவு செய்யலாமா? எவ்வளவு காலம் போட வேண்டும்? அடுத்த இரத்தம் எப்போது? பழைய துண்டு ஒன்றையும் எறியாதீர்கள். ஒரு எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

பதிலைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவது மரியாதை இல்லை, நமக்கே நாம் செய்யும் நட்டம்.

கடைசியாகக் கிளைக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். கிளினிக் நாளில் யாரும் தனியாகப் போகாமல், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக மாதர் அணி ஒரு முறை வகுக்கட்டும். சுகமில்லாமல் கொழுந்து குறைந்தவரைத் திட்டுவதற்கு முன் இரத்தம் பார்க்க அனுப்ப வேண்டும் என்று கங்காணிமாரோடும் பேசுவோம். கைகளை உயர்த்தி ஆதரவு தந்தால் இன்றைக்கே தீர்மானமாக எழுதிவிடலாம்.